காராங் குனி முதல் நீலத் தொட்டி வரை

சிங்கப்பூரில் ‘மறுபயனீடு’ என்ற சொல் பரவலாகப் புழக்கத்திற்கு வந்து ஒரு தலைமுறைக் காலம்தான் ஆகிறது. ஆனால் ஒரு பொருளைத் தூக்கி எறிவதற்கு முன் அது இன்னும் எதற்கு உதவும் என்று யோசிக்கும் பழக்கம் இத்தீவுக்குப் புதியதன்று. பாட்டிகள், தாத்தாக்கள் காலத்தில் அதற்கு ஒரு பெயர்கூட இருந்ததில்லை. அது அன்றாட வாழ்க்கையாகவே இருந்தது.

இன்று ஒவ்வொரு வீவக புளோக்கின் கீழும் நீலநிறத் தொட்டி இருக்கிறது. பள்ளிகளில் பாடம் நடக்கிறது. சுவரொட்டிகளுக்கும் இயக்கங்களுக்கும் குறைவில்லை. இருந்தும், 2018ல் 22 விழுக்காடாக இருந்த வீட்டுக் குப்பையின் மறுபயனீட்டு விகிதம் 2024ல் 11 விழுக்காட்டுக்கு இறங்கியது. எந்த அறிவிப்பும் இல்லாமல் அன்று நடந்த ஒன்று, இத்தனை ஏற்பாடுகளுக்குப் பிறகும் இன்று ஏன் தடுமாறுகிறது? இந்தக் கேள்விக்கான விடை கடந்த அறுபது, எழுபது ஆண்டு வரலாற்றில் இருக்கிறது.

கோணிச் சாக்கும் தூக்குத் தராசும்

மக்கள் கம்பத்து வீடுகளிலும் கடைவீடுகளிலும் வாழ்ந்த 1950களிலும் 1960களிலும் குப்பை என்று ஒதுக்கப்பட்டவை குறைவு. படித்து முடித்த செய்தித்தாள் மளிகைக் கடைக்குப் போய்ப் பருப்பும் மிளகாயும் கட்டும் பொட்டலமானது. அரிசி வந்த சாக்கு கால்மிதியானது. பால்காரர் வீட்டுப் பாத்திரத்தில்தான் பாலை அளந்து ஊற்றினார். வேலைக்குப் போகிறவர்களின் மதிய உணவு அடுக்குச் சட்டியில் போனது. கடையில் வாங்கும் சோறு வாழையிலையில் கட்டித் தரப்பட்டது.

சோடா பாட்டிலுக்குக் கடைக்காரர் முன்பணம் வாங்கிக்கொள்வார். காலிப் பாட்டிலைக் கொண்டுபோய்க் கொடுத்தால் அந்தச் சில காசு திரும்பக் கிடைக்கும். பிள்ளைகளுக்கு அதுவே மிட்டாய்க் காசு. மிஞ்சிய சோறும் காய்கறித் தோலும் கழுநீரோடு சேர்ந்து மாட்டுத் தொட்டிக்கோ பன்றிப் பண்ணைக்கோ போயின.

இவற்றையெல்லாம் தாண்டி மிஞ்சியதை வாங்கிப்போக வந்தவர்தான் காராங் குனிக்காரர். மலாய் மொழியில் ‘காராங்’, ‘குனி’ இரண்டுமே சாக்கைக் குறிப்பவை. இதில் வரும் ‘குனி’யும் தமிழில் வழங்கும் ‘கோணி’யும் ஒரே வேரிலிருந்து வந்த சொற்கள். தோளில் சாக்கும் கையில் தூக்குத் தராசுமாக வீடு வீடாக வந்த இவர், பழைய செய்தித்தாள், பழந்துணி, பாட்டில், பித்தளை, பழுதான வானொலி என எல்லாவற்றையும் எடைபோட்டோ பேரம் பேசியோ காசு கொடுத்து வாங்கினார். பிற்காலத்தில் சாக்கின் இடத்தைத் தள்ளுவண்டியும், கூவலின் இடத்தைக் கையில் அமுக்கும் ஊதியும் பிடித்தன. வாங்கிய பொருள்கள் மொத்த வியாபாரியிடம் போயின. பழுது பார்க்கக்கூடியவை சந்தையில் மறுபடி விலைக்கு வந்தன. லிட்டில் இந்தியாவுக்கு அருகில் சுங்கை ரோட்டில் 1930களிலிருந்து நடந்துவந்த பழம்பொருள் சந்தை இந்தச் சங்கிலியின் ஒரு கண்ணி. அது 2017 ஜூலை 10ஆம் தேதியுடன் மூடப்பட்டது.

அந்தக் காலத்தை வெறும் பொற்காலமாக எண்ணிவிடவும் கூடாது. அந்தச் சிக்கனத்தின் பின்னால் இருந்தது வறுமை. பல வட்டாரங்களில் குப்பை திறந்தவெளியில் குவிந்தது. ஆற்றிலும் கால்வாயிலும் விழுந்தது. மலத்தை வாளியில் அள்ளிச் செல்லும் முறை 1987 வரை நீடித்தது. நகராட்சியின் துப்புரவுப் பணியில் தமிழர்கள் பெருமளவில் இருந்தனர். மற்றவர்கள் கண்ணெடுத்துப் பார்க்காத அழுக்கைக் கையால் சுமந்த அந்தத் தொழிலாளர்களுக்கு நகரத்தின் குப்பை எவ்வளவு என்பது நன்றாகத் தெரிந்திருக்கும்.

அடுக்குமாடி வீட்டின் குப்பைக் குழாய்

1960ல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் அமைக்கப்பட்டது. அதன்பின் மக்கள் கூட்டம் கூட்டமாக அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபெயர்ந்தனர். தண்ணீர்க் குழாய், மின்விளக்கு, தனிக் கழிவறை ஆகியவற்றுடன் இன்னொரு வசதியும் வந்தது. அதுதான் குப்பை போடும் குழாய். பல வீடுகளில் அதன் வாய் சமையலறைக்குள்ளேயே இருந்தது. மூடியைத் திறந்து பையைப் போட்டால் போதும்; அடுத்த நொடியில் அது கண்ணைவிட்டு மறைந்துவிடும். 1980களின் இறுதியிலிருந்து கட்டப்பட்ட வீடுகளில் மாடிக்கு ஒரு பொது வாய் என்ற ஏற்பாடு வந்தது.

1968 அக்டோபரில் அன்றைய பிரதமர் லீ குவான் இயூ ‘சிங்கப்பூரைச் சுத்தமாக வைத்திருப்போம்’ இயக்கத்தைத் தொடங்கி வைத்தார். தெருவில் குப்பை போடுவது வெட்கத்திற்குரிய செயல் என்ற எண்ணம் ஒரு தலைமுறைக்குள் ஊன்றியது. 1977ல் தொடங்கிய சிங்கப்பூர் ஆற்றைத் தூய்மைப்படுத்தும் பணி பத்தாண்டுகளில் நிறைவேறியது. இவை பெரிய சாதனைகள் என்பதை மறுப்பதற்கில்லை. ஈயும் எலியும் நோயும் குறைந்ததற்கு இவையே காரணம்.

ஆனால் அதே காலத்தில் இன்னொன்றும் நடந்தது. குப்பையைக் கண்ணில் படாமல் அகற்றுவதே சுத்தம் என்று ஆனது. அகற்றப்பட்டது எங்கே போகிறது என்று கேட்க வேண்டிய தேவை வீட்டில் யாருக்கும் இல்லை. குழாய்க்கு ஒரே வாய்தான். காகிதமும் கண்ணாடியும் மீன்முள்ளும் ஒரே பையில், ஒரே வழியில் இறங்கின. பேரங்காடியில் இலவசமாகக் கிடைத்த பிளாஸ்டிக் பையே குப்பை கட்டவும் பயன்பட்டது. 1984ல் பன்றி வளர்ப்பைப் படிப்படியாக நிறுத்தப்போவதாக அரசாங்கம் அறிவித்தது. 1990க்குள் பண்ணைகள் மறைந்தன. உணவுக் கழிவுக்கு இருந்த பழைய வழியும் அத்துடன் அடைபட்டது. 2023ல் சிங்கப்பூரில் சேர்ந்த உணவுக் கழிவு 755,000 டன். அதில் 18 விழுக்காடு மட்டுமே மறுபயனீடு செய்யப்பட்டது.

எரியாலைகளும் செமாக்காவும்

1970ல் சிங்கப்பூரின் மக்கள்தொகை சுமார் 20 லட்சம். அப்போது நாளொன்றுக்கு அப்புறப்படுத்தப்பட்ட குப்பை ஏறத்தாழ 1,200 டன். 2000ஆம் ஆண்டில் மக்கள்தொகை சுமார் 40 லட்சமானது. குப்பையோ நாளொன்றுக்கு 7,600 டன்னைத் தாண்டியது. மக்கள் இரு மடங்கானபோது குப்பை ஆறு மடங்கானது. வசதி பெருகியதன் அடையாளம் அது.

நிலப்பற்றாக்குறை உள்ள தீவில் இவ்வளவையும் புதைக்க இடமில்லை. ஆகவே எரிப்பது என்று முடிவாயிற்று. முதல் எரியாலை 1979ல் உலு பாண்டானில் செயல்படத் தொடங்கியது. 1986ல் துவாசிலும், 1992ல் செனோக்கோவிலும், 2000ல் துவாஸ் தெற்கிலும் ஆலைகள் வந்தன. எரிப்பதால் குப்பையின் கொள்ளளவு 90 விழுக்காடு வரை குறைகிறது. அந்த வெப்பத்திலிருந்து மின்சாரமும் கிடைக்கிறது. நாட்டின் மின்தேவையில் 2 முதல் 3 விழுக்காடு வரை இவ்வாறு கிடைப்பதாகக் கணக்கிடப்பட்டுள்ளது.

இருப்பினும் சாம்பல் மிஞ்சுகிறது. எரிக்க முடியாத கழிவும் மிஞ்சுகிறது. பெருநிலத்தில் கடைசியாக இருந்த லோரோங் ஹாலுஸ் குப்பைமேடு 1999 மார்ச் 31ஆம் தேதி மூடப்பட்டது. மறுநாள் புலாவ் செமாக்காவ் திறக்கப்பட்டது. புலாவ் செமாக்காவ், புலாவ் சாகெங் ஆகிய இரு தீவுகளை இணைத்து, 7 கிலோமீட்டர் நீளமுள்ள கரை எழுப்பி, கடலுக்குள் 350 ஹெக்டர் பரப்பில் அமைந்த இடம் அது. சாகெங்கில் வாழ்ந்த மலாய் மீனவக் குடும்பங்கள் அதற்காகப் பெருநிலத்திற்கு இடம்பெயர்ந்தன. துவாசிலிருந்து சாம்பல் படகுகளில் அங்கே போகிறது.

தொடக்கத்தில் செமாக்காவ் 2045 வரை தாங்கும் என்று எதிர்பார்க்கப்பட்டது. பின்னர் அந்தக் கணிப்பு 2035க்கு முன்னால் வந்தது. சமையலறையிலிருந்து விழும் ஒவ்வொரு பையின் சாம்பலும் போய்ச் சேரும் இடம் அதுதான்.

பை, தொட்டி, இரட்டைக் குழாய்

இந்த நெருக்கடியை உணர்ந்துதான் 2001 ஏப்ரலில் தேசிய மறுபயனீட்டுத் திட்டம் தொடங்கப்பட்டது. வீடுகளுக்குப் பைகள் வழங்கப்பட்டன. காகிதம், துணி, பாட்டில், டின் ஆகியவற்றைப் பையில் போட்டு வாசலில் வைத்தால், உரிமம் பெற்ற நிறுவனங்கள் இரண்டு வாரத்திற்கு ஒருமுறை வந்து எடுத்துச் சென்றன. பின்னர் பொதுத் தொட்டிகள் வந்தன. 2014க்குள் ஒவ்வொரு வீவக புளோக்கிற்கும் ஒரு நீலத் தொட்டி கிடைத்தது. 2010ல் கட்டி முடிக்கப்பட்ட பொங்கோல் ட்ரீலாட்ஜ் குடியிருப்பில் மறுபயனீட்டுப் பொருள்களுக்கென்றே தனிக் குழாய் அமைந்தது. 2014லிருந்து புதிய வீவக திட்டங்களில் அந்த இரட்டைக் குழாய் வழக்கமான ஏற்பாடாயிற்று. 2023 மார்ச்சிலிருந்து வீட்டுக்குள் வைக்கும் நீலப் பெட்டியும் இலவசமாக விநியோகிக்கப்பட்டது.

ஏற்பாடுகளில் குறையில்லை. ஆனால் நீலத் தொட்டிகளில் சேர்வதில் ஏறத்தாழ 40 விழுக்காடு பயன்படுத்த முடியாதது என்று தேசியச் சுற்றுப்புற வாரியம் பல முறை சுட்டிக்காட்டியுள்ளது. மிச்ச உணவு, மெல்லிழைத்தாள், பாதி குடித்த பானம், பழைய காலணி எல்லாம் அதில் விழுகின்றன. ஒரு பாக்கெட்டில் மிஞ்சிய குழம்பு, கட்டுக்கட்டாக இருக்கும் நல்ல காகிதத்தையும் கெடுத்துவிடுகிறது. கெட்டுப்போன காகிதம் எரியாலைக்குத்தான் போகும்.

காராங் குனிக்காரருக்கும் நீலத் தொட்டிக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான். அவர் நனைந்த செய்தித்தாளைத் தொட்டுப் பார்த்து வேண்டாம் என்பார். அல்லது விலையைக் குறைப்பார். எது பயன்படும், எது பயன்படாது என்பதை வீட்டுக்காரர் அங்கேயே, அப்போதே கற்றுக்கொண்டார். தொட்டி எதையும் மறுப்பதில்லை. போட்டவருக்கு எதையும் சொல்வதுமில்லை. தவறு நடந்தது வேறோர் இடத்தில் பொருள்களைத் தரம்பிரிக்கும் தொழிலாளிக்கு மட்டுமே தெரிகிறது.

உலகச் சந்தையும் கைகொடுக்கவில்லை. பல நாடுகளின் கழிவுப் பொருள்களை வாங்கிவந்த சீனா, 2018ல் இறக்குமதிக்குக் கடுமையான தடைகளை விதித்தது. அதன்பின் கப்பல் கட்டணமும் உயர்ந்தது. பழைய காகிதத்தின் விலை இறங்கியபோது வீடு தேடி வருபவர்களும் குறைந்தனர். மூத்த சிலர் மட்டும் கடைகளின் பின்புறம் அட்டைப்பெட்டிகளை மடித்துத் தள்ளுவண்டியில் அடுக்கும் காட்சி இன்னும் பல வட்டாரங்களில் தென்படுகிறது. அந்தப் பழைய தொழிலின் மிச்சம் அது.

விளக்கை அணைத்த வீடும் குளிரூட்டி வைத்த வீடும்

மின்சாரத்தின் கதையும் இதேபோன்றதுதான். கம்பத்தில் மண்ணெண்ணெய் விளக்கை ஏற்றியவர்களுக்கு எண்ணெய் குறைவது கண்ணுக்குத் தெரியும். திரியைக் குறைத்து வைப்பது அவர்களுக்கு இயல்பாக வந்தது. 1963ல் பொதுப் பயனீட்டுக் கழகம் அமைக்கப்பட்டது. தண்ணீருக்கும் மின்சாரத்துக்கும் அதனிடமிருந்து கட்டணச் சீட்டு வந்த காலத்தில், அறையைவிட்டு வெளியேறும்போது விளக்கை அணைக்காத பிள்ளைக்கு வீட்டில் திட்டு விழும். 1973ல் எண்ணெய் நெருக்கடி ஏற்பட்டு உலகச் சந்தையில் விலை சில மாதங்களில் பல மடங்கு ஏறியபோது, சிக்கனம் வீட்டு விவகாரம் என்ற நிலை மாறி நாட்டு விவகாரமாயிற்று. குளிரூட்டப்பட்ட கட்டடங்களின் சுவரும் கண்ணாடியும் உள்ளே விடும் வெப்பத்திற்கு 1979ல் விதிமுறை வகுக்கப்பட்டது.

வீட்டில் பெரிய மாற்றத்தைக் கொண்டுவந்தது குளிரூட்டி. ஒரு காலத்தில் அலுவலகங்களிலும் திரையரங்குகளிலும் மட்டும் இருந்த அது, 2010களின் இறுதிக்குள் ஏறத்தாழ ஐந்தில் நான்கு குடும்பங்களில் இடம்பிடித்தது. வீட்டு மின்சாரத்தில் மிகப் பெரிய பங்கை எடுத்துக்கொள்வதும் அதுதான். சிங்கப்பூரின் மின்சாரத்தில் 90 விழுக்காட்டுக்கும் மேல் இறக்குமதி செய்யப்படும் இயற்கை எரிவாயுவிலிருந்து கிடைக்கிறது. இரவு முழுவதும் ஓடும் குளிரூட்டி எரிப்பது வெளிநாட்டிலிருந்து வந்த எரிபொருளைத்தான்.

2008ல் குளிரூட்டிகளுக்கும் குளிர்பதனப் பெட்டிகளுக்கும் எரிசக்தி முத்திரை கட்டாயமாக்கப்பட்டது. எத்தனை ‘டிக்’ என்று பார்த்து வாங்கும் பழக்கம் அதன்பின் ஏற்பட்டது. 2011ல் குறைந்தபட்சத் தரத்தை எட்டாத சாதனங்களின் விற்பனை நிறுத்தப்பட்டது. இது அமைதியாக நடந்த மாற்றம். வாங்குபவர் ஒவ்வொரு நாளும் கட்டுப்பாட்டுடன் இருக்க வேண்டியதில்லை. கடையில் ஒருமுறை சரியாகத் தேர்ந்தெடுத்தால் போதும். பல ஆண்டுகளுக்கு அது மிச்சப்படுத்திக்கொடுக்கும்.

வேலையிடங்களில் பசுமைக் கட்டடங்களுக்கான தரச்சான்று 2005ல் அறிமுகமானது. சட்டையின் மேல் குளிராடை அணிந்து உட்காரும் அளவுக்குக் குளிரவைப்பது சிங்கப்பூர் அலுவலகங்களின் நெடுநாள் வழக்கம். அதை மாற்ற, 2024ல் பொதுத்துறை அலுவலகங்கள் குளிரூட்டியை 25 டிகிரி அல்லது அதற்கு மேல் வைக்கும் முயற்சியில் இறங்கின. அலுவலகத்தில் மின்கட்டணம் யாருடைய சட்டைப்பையிலிருந்தும் நேரடியாகப் போவதில்லை. அதனால்தான் வீட்டில் விசையை அணைப்பவர்கூட அங்கே கணினியை அணைக்காமல் கிளம்பிவிடுகிறார்.

திரும்பி வரும் காசு

அண்மை ஆண்டுகளில் கொள்கை ஒரு பழைய பாதைக்குத் திரும்பியிருப்பதைக் காணலாம். 2023 ஜூலை 3 முதல் பெரிய பேரங்காடிகள் ஒரு பைக்குக் குறைந்தது 5 காசு வசூலிக்கின்றன. 5 காசு யாரையும் ஏழையாக்கிவிடாது. இருந்தும் பைகளின் பயன்பாடு பாதிக்கும் மேல் குறைந்தது. பல ஆண்டு விழிப்புணர்வு இயக்கங்கள் சாதிக்காததை அந்தச் சிறு நாணயம் சில மாதங்களில் சாதித்தது. கட்டண முகப்பில் ‘பை வேண்டுமா?’ என்ற கேள்வி எழுந்ததே அதற்குக் காரணம். கேள்வி எழுந்ததும் யோசனை வருகிறது.

பாட்டிலுக்கு முன்பணம் பிடிக்கும் பழைய வழக்கமும் புதிய வடிவம் பெற்றது. பிளாஸ்டிக் பாட்டில், டின் பானங்களுக்கு 10 காசு கூடுதலாக வாங்கி, காலிப் பாட்டிலைத் திருப்பித் தரும்போது அதைக் கொடுத்துவிடும் திட்டத்திற்கு 2026 ஏப்ரல் முதல் தேதி தொடக்க நாளாக அறிவிக்கப்பட்டது. மின்னணுக் கழிவைத் திரும்பப் பெறும் பொறுப்பு 2021 ஜூலையிலிருந்து தயாரிப்பாளர்களுக்கும் உரியதானது. 2024ல் வீவக குடும்பங்களுக்கு 300 வெள்ளி பருவநிலைப் பற்றுச்சீட்டு வழங்கப்பட்டது. மின்சாரத்தையும் தண்ணீரையும் மிச்சப்படுத்தும் சாதனங்களை வாங்க அது உதவியது.

இந்த வழி பயன்தரும் என்பதற்குத் தண்ணீரே சாட்சி. 1963, 1964ல் ஏறத்தாழ பத்து மாதம் தண்ணீர்ப் பங்கீடு நடந்ததை மூத்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அந்த நினைவு மட்டும் அடுத்த தலைமுறைக்குப் போதவில்லை. 1991ல் தண்ணீருக்குச் சேமிப்பு வரி வந்தது. பின்னர் குழாய்களுக்கும் சலவை இயந்திரங்களுக்கும் தரமுத்திரை வந்தது. 2017, 2018ல் கட்டணம் உயர்ந்தது. 2003ல் ஆளுக்கு நாளொன்றுக்கு 165 லிட்டராக இருந்த வீட்டுத் தண்ணீர்ப் பயன்பாடு 2023ல் 141 லிட்டராகக் குறைந்தது.

வீடும் வேலையிடமும் செய்யக்கூடியவை

இந்த வரலாறு கற்றுத்தரும் பாடம் எளிமையானது. முந்தைய தலைமுறை இன்றைய தலைமுறையைவிட நல்ல மனம் படைத்தது என்று சொல்வதற்கில்லை. பொருளின் மதிப்பு அவர்கள் கண்ணெதிரே இருந்தது. வீணாக்கினால் நட்டம் அன்றே தெரிந்தது. குப்பைக் குழாயும் மின்விசையும் அந்த நட்டத்தைக் கண்ணுக்கு எட்டாத தூரத்திற்குக் கொண்டுபோய்விட்டன. அதை மறுபடியும் கண்ணெதிரே கொண்டுவந்தால் பழக்கமும் திரும்பும்.

வீட்டில் அதற்கான வழிகள் பல. பாட்டிலையும் டின்னையும் ஒருமுறை அலசி, நீர் வடியவிட்டுத் தொட்டியில் போடலாம். எண்ணெய் படிந்த உணவுப் பொட்டலத்தையும் மெல்லிழைத்தாளையும் சாதாரணக் குப்பையிலேயே போட்டுவிடலாம். நல்ல துணிகளைத் தொட்டியில் அமுக்காமல், தேவைப்படுபவர்களிடம் நேரே கொடுக்கலாம். குளிரூட்டியை 25 டிகிரியில் வைத்து மின்விசிறியைச் சேர்த்துப் போடலாம். மாதக் கட்டணச் சீட்டைக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டி வைத்தால், போன மாதத்தைவிட ஏறியதா இறங்கியதா என்பதைப் பிள்ளைகளும் பார்ப்பார்கள். தீபாவளிக்கு முன் வீட்டைச் சுத்தம் செய்யும்போது, எல்லாவற்றையும் ஒரே பையில் கட்டிக் கீழே தள்ளுவதற்கு முன் ஒரு மணி நேரம் ஒதுக்கித் தரம்பிரிக்கலாம்.

அலுவலகத்தில் காகிதத்தின் இரு பக்கமும் அச்சிடுவதும், கடைசியாகக் கிளம்புபவர் விசைகளைப் பார்த்துவிட்டுப் போவதும் சிறிய செயல்கள்தான். மாத மின்கட்டணத்தை ஊழியர்கள் எல்லாரும் பார்க்கும் அறிவிப்புப் பலகையில் போட்டால், அவற்றை யாரும் வற்புறுத்த வேண்டியிருக்காது.

2030க்குள் வீட்டுக் குப்பையில் 30 விழுக்காட்டை மறுபயனீடு செய்வது நிர்ணயிக்கப்பட்ட இலக்கு. 2024ன் 11 விழுக்காட்டிலிருந்து அது வெகுதூரத்தில் இருக்கிறது. 2025ல் தொடக்கநிலை ஒன்றில் சேர்ந்த பிள்ளைக்கு, செமாக்காவ் நிரம்பும் என்று கணிக்கப்பட்டுள்ள 2035ல் வயது பதினேழு ஆகியிருக்கும். அதற்குப் பிறகு சாம்பலைக் கொட்ட இன்னொரு தீவைத் தேடுவது எளிதன்று. அந்தப் பிள்ளையின் தாத்தா சிறுவயதில் காலி சோடா பாட்டிலைக் கழுவிக் கடைக்கு எடுத்துச் சென்றவராக இருக்கலாம். அந்தக் கதையைப் பேரப்பிள்ளைக்குச் சொல்லி, இருவரும் சேர்ந்தே பாட்டிலைத் திருப்பிக் கொடுக்கப் போவது நல்ல தொடக்கமாக அமையும்.